ஆறாம் வகுப்பு வரைந்த ஊர்

பனைமுறிச்சான் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் சேர்ந்து ஒரே சார்ட்டில் ஊர்ப்படம் வரைந்து, அதை ஜெயசீலி டீச்சர் நாலு மூலையிலும் பசை தடவிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை விடிந்தபோது ஊர் அந்தப் படத்தில் இருந்தபடி இருந்தது.

முதலில் பார்த்தவர்கள் தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள். பனங்காட்டோரம் இருந்த குழாயைக் காணாமல் வெறுங்குடத்தோடு திரும்பியவர்கள், அது பள்ளிக்கூட வாசலில் நிற்பதையும், அதை ஒட்டி ரேஷன் கடையும், ரேஷன் கடையை ஒட்டி அம்மன் கோயிலும், கோயிலின் பின்சுவரில் சாய்ந்தபடி பஸ் நிறுத்தமும் இருப்பதையும் பார்த்தார்கள், குழாயைத் திருகினார்கள், தண்ணீர் வந்தது, வரிசையில் நின்றுவிட்டார்கள். வீட்டுக்குள் தூங்கியவர்கள் அதே வீட்டுக்குள்தான் எழுந்தார்கள், கதவைத் திறந்தபோது எதிர்வீட்டுக்காரர்தான் வேறாக இருந்தார். காலை பஸ்ஸில் வந்த டிரைவர், நிறுத்தத்தை மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று கண்டக்டரிடம் குறைபட்டுக்கொண்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, கோயிலைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஐந்து வருஷமாக வெடித்துக் கிடந்த கண்மாய், பிள்ளைகள் நீலக் கிரேயானை அழுத்தித் தேய்த்திருந்ததால் கரை தொட்டு நிறைந்திருந்தது. படத்தில் இரண்டு கொக்குகளைக் கோயிலைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஆகவே கோயிலைவிடப் பெரிய இரண்டு கொக்குகள் தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்றன. ஆடு மேய்ப்பவர்கள் முதல் நாள் கொஞ்சம் தள்ளிப் போனார்கள், இரண்டாம் நாள் கொக்கின் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றார்கள். ஜெயசீலி டீச்சர் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டு வாசலில், அவள் ஒரு நாளும் நட்டிராத மாமரம் காய்த்துத் தொங்கியது. டீச்சர் வீடு என்றால் மரம் இருக்கும் என்று யாரோ ஒரு பிள்ளை நினைத்திருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு வருஷம் ஆகியும் இந்த ஊரில் தனக்கென்று ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்த அவள், ஒரு காயைப் பறித்து உப்புத் தொட்டுக் கடித்துப் பார்த்தாள். நல்ல புளிப்பு.

பதினெட்டுப் பிள்ளைகளில் ஒன்றுக்கும் மதுக்கடையை வரையத் தோன்றவில்லை. அதனால் அது எங்கும் இல்லை. விற்பனையாளர் வந்து, கடை இருந்த வெறும் மண்ணில் நாற்காலி போட்டு மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். பெண்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளாமலே சந்தோஷப்பட்டார்கள். ஆனால் படத்தில் இல்லாதது ஊரில் இருக்காது என்பதை எல்லோரும் மனதில் குறித்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், பூமயிலின் குடிசை நின்றது. குடிசைக்கு முன்னால் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது.

பூமயிலின் அம்மா காளீஸ்வரி கரிமூட்டம் போடுகிறவள். சீமைக்கருவேலத்தை வெட்டி, கோபுரம்போல் அடுக்கி, வைக்கோல் மூடி, மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துப் பத்து நாள் புகையவிட்டால் விறகு கரியாகும். தீ வெளியே எட்டிப் பார்த்தால் எல்லாம் சாம்பல். புருஷன் இறந்தபிறகு ஊருக்கு வெகு தொலைவில் கருவேலங்காட்டுக்கு நடுவே, மகளையும் கைக்குழந்தை மகனையும் வைத்துக்கொண்டு, அவள் இதைத்தான் செய்துவந்தாள். அவர்கள் பனைமுறிச்சான்காரர்கள் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. அந்தப் பேச்சே எழுந்ததில்லை. வெள்ளிக்கிழமை அவரவர் வீட்டை அவரவர் வரையுங்கள் என்று டீச்சர் சொன்னபோது, பூமயில் எழுந்து வந்து, பள்ளிக்கூடக் கட்டத்தைத் தொட்டபடி ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்கு முன்னால் ஒரு வட்டத்தையும் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். டீச்சர் அதைப் பார்த்தாள். தினமும் முதல் பாடம் முடிந்தபிறகு வந்து, வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிற பிள்ளை அது. நிறுத்துகிறவள் ஜெயசீலிதான். ஏன் தாமதம் என்று ஆரம்பத்தில் இரண்டு தரம் கேட்டாள். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டதால் அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

இதெல்லாம் ஒரு பக்கம். ஊருக்கு உண்மையான கஷ்டம் சூரியனால் வந்தது. பிள்ளைகள் படத்தில் எந்தப் பக்கம் வடக்கு என்று குறிக்கவில்லை. அதனால் சூரியனுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குள்ளிருந்து எழுந்தது. திங்கள்கிழமை கோயிலுக்குப் பின்னாலிருந்து எழுந்தது. பூசாரி அம்மனின் முதுகில் வெளிச்சம் விழுவதைப் பார்த்துச் சங்கடப்பட்டார். செவ்வாய்க்கிழமை வந்த பக்கமே போய் மறைந்தது. மிளகாய் காயப்போடுகிறவர்கள் பாயைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். சாயங்காலமானால் நாளைக்கு எந்தப் பக்கமாக இருக்கும் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். காய்ச்சலில் கிடப்பவரை விசாரிப்பதுபோல அக்கறையாக. காற்றும் அப்படியே திசை தெரியாமல் சுழன்றதால் மூட்டத்துப் புகை வீடு வீடாகப் போய் வந்தது.

பஞ்சாயத்துத் தலைவர் சோலைமலை நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் உடனே முடிக்க வேண்டும் அவருக்கு. கமுதியிலிருந்து ஒரு படம் வரைகிறவரை வரவழைத்து, பழைய ஊரை அச்சடித்த மாதிரி வரையவைத்து, பிள்ளைகளின் படத்துக்கு மேலே மாட்டிப் பார்த்தார். மறுநாள் ஒன்றும் நகரவில்லை. கீழே இருந்த படத்தைத்தான் ஊர் கேட்டது. ஆகவே அவர் தலைமையாசிரியர் நல்லதம்பியைக் கூட்டிக்கொண்டு டீச்சரிடம் வந்தார். கண்மாய் அப்படியே இருக்கட்டும், குழாய் இருக்கட்டும், ரேஷன் கடை பக்கத்தில் வந்ததும் நல்லதுதான், சூரியனை மட்டும் சரிசெய்து, அந்த ஒரு கட்டத்தையும் வட்டத்தையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளை வேறு படம் வரையச் சொல்லுங்கள் என்று கேட்டார். நல்லதம்பி சார் இருமினார். அவருக்கு மூன்று நாளாகப் புகை.

"விட்டுட்டா அவங்க எங்க போவாங்க?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"எங்கிருந்து வந்தாகளோ அங்கதான்" என்றார் தலைவர்.

"அந்த எடமும் படத்துல இல்லையே."

தலைவர் மதுக்கடை இருந்த மண்ணைத் திரும்பிப் பார்த்தார்.  ஆனால் கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடிசை வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பூமயில் நின்றிருந்ததை ஜெயசீலி அப்புறம்தான் கவனித்தாள்.

மறுநாள் அவள் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினாள். பன்னிரண்டு வருஷமாக அவள் ஒரு நிலவரைபடத்துக்கு வேண்டியவை தலைப்பு, திசை, அளவை, குறியீடு என்று சொல்லி எழுதவைத்து, திருப்பிச் சொல்லாதவர்களை எழுந்து நிற்கவைத்திருக்கிறாள். இந்தத் தடவை ஜன்னலுக்கு வெளியே பாதி ஊர் நின்று கேட்டது. அறிவியல் அலமாரியிலிருந்து தூசி தட்டி எடுத்த காந்த ஊசியை மேசைமேல் வைத்தாள். சூரியன் எங்கே இருந்தாலும் அது ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியவர்கள் வரிசையாக உள்ளே வந்து, அது நிலைகொண்டு நிற்பதைப் பார்த்து, மனசு ஆறி வெளியே போனார்கள். ஒரு கிழவி இரண்டாம் தரமும் வந்தாள்.

அடுத்து அளவை. வீடுகள் பெயர்ந்துபோன பழைய இடங்களில் புல் முளைக்காத வெளிர்த் தரை சதுரம் சதுரமாகத் தெரிந்தது. எல்லாம் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டுமானால் அவற்றை அளந்தாக வேண்டும் என்பதால், பிள்ளைகள் இருபது மீட்டர் தென்னங்கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு ஊரை அளக்கக் கிளம்பினார்கள். பள்ளியிலிருந்து பழைய குழாய் பதினொரு கயிறு. பழைய கோயில் எட்டு. தலைவர் வீடு ஆறரை. அளந்துகொண்டு போகிறவர்களுக்கு ஒவ்வொரு வீட்டிலும் மோர் கொடுத்தார்கள். எங்கள் வீட்டைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று முறுக்கும் கொடுத்தார்கள். இரண்டு நாளில் ஊரில் யாரும் தூரம் என்று சொல்வதை விட்டுவிட்டுக் கயிறு என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

மூன்றாம் நாள் கடைசியாக மிஞ்சியது மூட்டத்தின் பழைய இடம். காந்த ஊசி காட்டிய கிழக்கில் அது எங்கோ இருந்தது. பூமயில்தான் வழி காட்டினாள். நாற்பது கயிறுவரை பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். எழுபதில் சத்தம் குறைந்தது. பாதை என்று எதுவும் இல்லை. கருவேலத்துக்கு இடையில் பிள்ளை எங்கே குனிகிறதோ அங்கே குனிந்து, எங்கே தாண்டுகிறதோ அங்கே தாண்டிப் போக வேண்டியிருந்தது. தொண்ணூறாவது கயிற்றில் ஜெயசீலியின் செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். "இங்கிட்டு முள்ளு கெடக்கும் டீச்சர், ஓரமா வாங்க" என்று முன்னால் போன பூமயில் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் காலில் செருப்பு இருந்ததா என்று ஜெயசீலி அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். இல்லை. நூற்று ஐம்பத்தேழாவது கயிறு முடிந்த இடத்தில், கருவேலங்காட்டுக்கு நடுவே, ஒரு கருப்பு வட்டமும் அதை ஒட்டி வெளிர்ச் சதுரமும் இருந்தன.

பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி கயிற்றின் கணக்கை மீட்டராக்கிச் சொன்னாள்: மூவாயிரத்து நூற்று நாற்பது. 

"காலைல எத்தனை மணிக்குக் கெளம்புவே?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"அம்மா வெறகு வெட்டிட்டு வர்ற வரைக்கும் மூட்டத்தைப் பாக்கணும் டீச்சர். தீ எந்திரிச்சுரும். அம்மா வந்ததும் ஓடியாருவேன்."

 ஜெயசீலி அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த நாட்களை எண்ணத் தொடங்கி, முடியாமல் விட்டாள். பிறகு பூமயிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நான் இத்தனை நாளும் தப்பாப் பண்ணிட்டேன்மா" என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்கும்படியாகவே சொன்னாள். பூமயில் டீச்சரின் உள்ளங்காலில் குத்தியிருந்த முள்ளைப் பார்த்து, குனிந்து, நகத்தால் நெம்பி எடுத்தாள்.

புதுப் படம் வரைகிற நாளில் வகுப்பறையில் தலைவர், தலைமையாசிரியர், காளீஸ்வரி, இன்னும் உள்ளே கொள்ளுமட்டும் ஆட்கள். ஒரு கயிற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று பிள்ளைகள் முதலில் வைத்திருந்தார்கள். அந்த அளவில் ஊர் அழகாக விழுந்தது. தலைவரின் மாடி வீடு ஒரு சென்டிமீட்டர் சதுரமாக, மாடி என்று எழுத இடத்தோடு கம்பீரமாக இருந்தது. ஆனால் மூட்டம் பள்ளியிலிருந்து நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர் தள்ளி, சார்ட்டைத் தாண்டி, மேசையைத் தாண்டி, ஜன்னலுக்கு வெளியே விழுந்தது. சார்ட்டில் இடமில்லை என்றால் நாம் என்ன செய்ய முடியும் என்று தலைவர் மெதுவாகச் சொன்னார். அவர் குரலில் வன்மம் இல்லை. ஒரு கஷ்டம் தானாகத் தீர்ந்த நிம்மதிதான் இருந்தது. ஜெயசீலி இன்னொரு சார்ட்டை ஒட்டலாமா என்று அலமாரியைத் திறந்தாள். சார்ட் தீர்ந்துபோயிருந்தது.

பூமயிலின் பக்கத்தில் உட்காருகிற ரூபிணி, அதிகம் பேசாதவள், எழுந்து நின்றாள்.

"ஊரைச் சின்னதாப் போட்டா எடம் கெடைக்கும்ல டீச்சர்?"

ஜெயசீலி அவளைப் பார்த்தாள். பிறகு கரும்பலகையில் இருந்த அளவையை அழித்துவிட்டு, ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து கயிறு என்று எழுதினாள். அந்தக் கணக்கில் மூட்டம் முப்பத்தொன்றரை சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டது. ஆனால் வீடுகள் எல்லாம் புள்ளியாகிவிட்டன. மாடி வீடும் புள்ளி, ஓட்டு வீடும் புள்ளி. தன் வீட்டைக் காட்டச் சொன்ன தலைவரிடம் பிள்ளைகள் ஒரு புள்ளியைக் காட்டினார்கள். இது எப்படி என் வீடு என்று தெரியும் என்று கேட்டார். குறியீடு எல்லாருக்கும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் விளக்கினார்கள். போன தடவை எல்லாம் இடம் மாறியது, இப்போது எல்லோரும் சுருங்கிப்போவோமா என்று பின்னாலிருந்து ஒருவர் கவலைப்பட்டார். அளவையைப் படத்தின் அடியில் எழுதிவிட்டால் நிலத்துக்குப் புரிந்துவிடும் என்று ஜெயசீலி சொன்னாள். அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியாது. சொன்னபோது உறுதியாக இருந்தது.

கடைசிப் புள்ளி பாக்கி. பூமயில் பென்சிலோடு நின்றாள். கிழக்கே முப்பத்தொன்றரை சென்டிமீட்டரில் கருவேலங்காட்டுக்குள் ஒரு வட்டம் போட்டாள். அதற்குப் பக்கத்தில் வீட்டைப் போடப் போனவள் நிறுத்தினாள். கை அங்கேயே நின்றது. 

"டீச்சர், மூட்டத்துக்கு ஒரு குறியீடு, வீட்டுக்கு ஒரு குறியீடுதானே? ரெண்டும் ஒரே எடத்துல இருக்கணுமா?"

இருக்க வேண்டியதில்லை என்றாள் ஜெயசீலி.  மீதியைச் சொல்ல வேண்டியவள் சுவரோரம் நின்றிருந்தாள். எல்லோரும் காளீஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் இத்தனை பேருக்கு முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள். கரி படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இம்புட்டு நாளும் புள்ள நடந்துச்சு" என்றாள். "இனி நான் நடந்துக்கிறேன். வீட்ட இங்கன வையி."

பள்ளிக்கூடத்தை ஒட்டிய இடம் புறம்போக்கு என்று தலைவர் ஆரம்பித்தார். படத்தில் புறம்போக்குக்குக் குறியீடு வைக்கவில்லையே என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர் நல்லதம்பி சாரைப் பார்த்தார். சார், மூட்டம் அங்கே போய்விட்டால் தனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, ராத்திரியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு துணை கிடைத்தமாதிரி என்றார். தலைவர் தன் புள்ளியை ஒரு தரம் பார்த்தார், பிள்ளையின் புள்ளி விழப்போகிற இடத்தை ஒரு தரம் பார்த்தார். இரண்டுக்கும் இடையில் ஒரு விரற்கடை தூரம்கூட இல்லை. "சரி, வைம்மா" என்றார்.

பூமயில் புள்ளியை வைத்தாள். பேனாவால் அதன்மேல் இன்னொரு தரம் அழுத்தினாள்.

கண்மாய்க்கு நீலம் அடிக்கும்போது மட்டும் ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் இருக்கிறது, இருப்பதைத்தான் வரைகிறோம் என்று பிள்ளைகள் நியாயம் பேசிக்கொண்டு கரைவரை நிரப்பினார்கள். மதுக்கடையை நினைவுபடுத்த யாரும் இல்லை. கொக்குகளுக்குக் குறியீடு தேடினார்கள், கிடைக்கவில்லை. மூலையில் மேல்நோக்கி ஒரு அம்பு போட்டு, 'வ' என்று எழுதினார்கள். ஒட்டினார்கள்.

மறுநாள் ஊரில் ஒருவரும் படுக்கையில் இல்லை. எல்லோரும் வாசலில் நின்று காந்த ஊசி காட்டிய கிழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூரியன் கருவேலங்காட்டுக்கு மேலே, சின்னப் பிள்ளை தாமதமாக வந்து நிற்பதுபோலக் கொஞ்சம் தயங்கி, பிறகு எழுந்தது. அந்தப் பக்கத்தில் வெகு தொலைவில் ஒரு புகைக்கோடு நிமிர்ந்து நின்றது. பழைய ஊர் பழைய இடத்தில் இருந்தது, சுருங்கவில்லை. கண்மாயில் தண்ணீர் இருந்தது. ஆவணியில் இரண்டு போகத்துக்குப் பேச்சு நடந்தது. பெரிய கொக்குகள் இரண்டும் கிளம்பிப் போய்விட்டன என்று ஆட்டுக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். ஜெயசீலி வீட்டு வாசலில் மாமரம் நின்றது. மரத்துக்குக் குறியீடு உண்டு, அதைப் பிள்ளைகள் மறக்கவில்லை. பள்ளிச் சுவரோரம் குடிசை இருந்தது. ஒரு மாதம் கழித்துத் தலைவரே வந்து அதற்குக் கதவு எண் எழுதினார்.

காளீஸ்வரி காலையில் மகனை ரூபிணியின் அம்மாவிடம் விட்டுவிட்டுத் தூக்குவாளியோடு கிழக்கே போவாள், பொழுது சாய்கையில் திரும்புவாள். மூட்டம் தீ வாங்குகிற நாட்களில் அங்கேயே தங்கிக்கொள்வாள். அன்றைக்கு ரூபிணியின் அம்மா வந்து பிள்ளைகளோடு படுத்துக்கொள்வாள். முதலில் காளீஸ்வரி தனியாகத்தான் போனாள். விறகு வெட்டத் துணைக்கு ஒருத்தி சேர்ந்தாள், அப்புறம் இரண்டு பேர், அப்புறம் ஆடுகள், அந்த வழியாகப் போனால் அடுத்த ஊர் பக்கம் என்று கண்டுகொண்ட சைக்கிள்காரர்கள். படத்தில் பள்ளிக்கும் மூட்டத்துக்கும் இடையே பிள்ளைகள் எதுவும் வரையவில்லை. அளந்த அன்றைக்கு அங்கே எதுவும் இல்லை.

அடுத்த ஜூனில் புது ஆறாம் வகுப்பு கயிற்றை எடுத்துக்கொண்டு கிழக்கே போய்த் திரும்பி வந்து, டீச்சர், போன வருஷப் படம் தப்பு, அங்கே ஒரு பாதை இருக்கிறது என்றது. ஜெயசீலி அவர்களோடு போய்ப் பார்த்தாள். முள் இல்லை, குனிய வேண்டியதில்லை. இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்குத் தரை வெளுத்து, கருவேலங்காட்டுக்குள் நேராகப் போயிற்று. இந்தப் பாதைக்கு என்ன குறியீடு என்று பிள்ளைகள் கேட்டார்கள். விட்டுவிட்டுப் போடுகிற கோடு என்று சொன்னாள். அவர்கள் தங்கள் புதுப் படத்தை விரித்து, குனிந்து, தரையில் ஏற்கெனவே இருந்ததைப் பார்த்து வரையத் தொடங்கினார்கள்.